அடெல்ஃபியிலிருந்து சிம் லிம் டவர் வரை

சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் புல்வெளியைச் சுற்றிக்கொண்டு நடந்தால், கோல்மன் ஸ்திரீட்டும் நார்த் பிரிட்ஜ் சாலையும் சந்திக்கும் முனையில் அடெல்ஃபி கட்டடம் நிற்கிறது. முன்னொரு காலத்தில் அடெல்ஃபி ஹோட்டல் இருந்த இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கமெல்லாம் கூட்டம் அலைமோதும். பெனின்சுலா பிளாசாவில் மியன்மார் மக்கள், ஃபூனானில் இளையர்கள். அடெல்ஃபிக்குள் மட்டும் அமைதி. ஆனால் அங்கே வரிசையாக இருக்கும் கண்ணாடிக் கதவுகளில் ஒன்றைத் திறந்தால், உள்ளே யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இசை கேட்டுக்கொண்டிருப்பார். சிங்கப்பூரில் நல்ல ஸ்பீக்கர் தேடுவோர் பல ஆண்டுகளாக வந்துபோகும் கட்டடம் இது.

இங்கிருந்து ரோச்சோர் வட்டாரத்தின் சிம் லிம் ஸ்குவேர், அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் சிம் லிம் டவர் வரை மெதுவாக நடந்தால் அரை மணி நேரம் ஆகும். என் நான்கறை வீட்டு வரவேற்பறையின் ஒலியமைப்பு முழுவதும் இந்த அரை மணி நேரப் பாதையில் கற்றுக்கொண்டதுதான். மாதம் 50 வெள்ளி ஒதுக்கி, ஒவ்வொரு பொருளாகச் சேர்த்தேன்.

ஆசைக்காகத் தொடங்கிய வேலையல்ல இது. அம்மாவுக்கு 74 வயது. படம் பார்க்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, “என்ன சொன்னான் அவன்?” என்று கேட்பார். ஒலியைக் கூட்டி வைத்தால் வசனம் புரியும். அடுத்த காட்சியில் சண்டையோ பாட்டோ வந்துவிட்டால் வீடே அதிரும். குறைத்தால் மறுபடியும் அதே கேள்வி. ஆங்கிலத் துணைவரிகள் ஓடினாலும் தமிழ்ப் பள்ளியில் படித்த அம்மாவுக்கு அவை பயன்படவில்லை. மருத்துவர் செவியைச் சோதித்துவிட்டு, வயதுக்கேற்ற குறைதான், கருவி தேவையில்லை என்றார். கொஞ்ச நாளில் அம்மா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் படுத்துவிடுவார். கேள்வி கேட்டதைவிட அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இன்றைய தொலைக்காட்சிகள் விரல் தடிமன்தான். அவற்றில் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. இருக்கும் சின்ன ஸ்பீக்கரும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ திரும்பியிருக்கும். வசனம் சுவரில் மோதி, கலங்கி, பிறகுதான் நம் காதுக்கு வருகிறது.

கோல்மன் ஸ்திரீட் முனையில்

அடெல்ஃபியில் நான் முதலில் நுழைந்த கடையில் ஒரு சீன அங்கிள் இருந்தார். வாங்கத்தான் வந்தாயா என்று கேட்கவில்லை. “உனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு எது? அதைப் போடு” என்றார். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல் ஒன்றை என் கைப்பேசியிலிருந்து கொடுத்தேன். எனக்கு எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே இருந்தன. பாடகியின் குரல் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று பாடியது. வயலின்கள் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிப்போயின. முப்பது ஆண்டுகளாகக் கேட்ட பாட்டில் ஒரு புல்லாங்குழல் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

அந்தக் கருவிகளின் விலை நம் கைக்கு எட்டாதது. ஆனால் அங்கிள் சொன்ன வார்த்தைக்கு விலை இல்லை. “ஆறு ஸ்பீக்கர் கொண்ட மலிவுப் பெட்டியை ஒரே நாளில் வாங்காதே. முதலில் முன்னால் இரண்டு. உன் பணத்தில் பெரும்பங்கை அதில் போடு. மற்றவை ஒவ்வொன்றாக வரும்.”

ஸ்பீக்கர் என்பது மரப்பெட்டி, காந்தம், கம்பிச்சுருள், கூம்பு. இருபது ஆண்டுக்கு முந்தைய நல்ல ஸ்பீக்கர் இன்றும் நல்ல ஸ்பீக்கர்தான். பழையது வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். கூம்பின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது நுரைப்பஞ்சாக இருந்தால் நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் காலப்போக்கில் மக்கி, விரல் பட்டாலே உதிரும். ரப்பராக இருந்தால் நெடுங்காலம் தாங்கும். அடுத்து, எத்தனை டெசிபெல் என்ற எண். அதே ஒலியை எழுப்ப, 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 90 டெசிபெல் ஸ்பீக்கரைவிட இரு மடங்கு மின்திறன் வேண்டும். மூன்றே டெசிபெல் வேறுபாடுதான். சின்ன ரிசீவரை வைத்துச் சமாளிக்க நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

மூன்று மாதம் அலைந்து, ரப்பர் வளையமும் ஆறரை அங்குலக் கூம்பும் கொண்ட பழைய ஜோடி ஒன்றை 340 வெள்ளிக்கு வாங்கினேன். அலமாரியில் வைக்கும் அளவுதான்.

திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர்

அடெல்ஃபியிலிருந்து நார்த் பிரிட்ஜ் சாலையில் சற்று நடந்தால் ஸ்டாம்ஃபர்ட் சாலை முனையில் கேப்பிட்டல் திரையரங்கம். 1998ல் படம் காட்டுவதை நிறுத்தி, புதுப்பிக்கப்பட்டு, 2015ல் மீண்டும் திறந்த அரங்கம் அது. திரையரங்குகளில் நாம் கண்ணால் பார்க்காத ஒன்று உண்டு. வெள்ளைத் திரை முழுவதும் நுண்ணிய துளைகள் இருக்கும். அதன் பின்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர்கள். நாயகன் பேசும்போது குரல் அவன் வாயிலிருந்தே வருவதுபோலத் தோன்றக் காரணம் நடுவில் இருப்பதுதான். இன்றைய படங்களின் வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒன்றின் வழியாகவே வருகிறது. இசையும் இரைச்சலும் மற்றவற்றின் பொறுப்பு.

அம்மாவின் சிக்கலுக்கு விடை அங்கேதான் இருந்தது. தொலைக்காட்சி இந்த எல்லா ஒலிகளையும் பிசைந்து இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் திணிக்கிறது. வசனத்தை மட்டும் தனியே பிரித்து, தனி ஸ்பீக்கரில் கொடுத்தால், அதை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். சண்டைக் காட்சி தன் அளவிலேயே இருக்கும்.

மேலும் நடந்து பிராஸ் பாசா சாலையைக் கடந்து வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குள் நுழைந்தால் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். அடுத்த கட்டடமே குவான் இம் கோயில். இரண்டிலும் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். கோயிலைப் பார்த்தபடி நின்றால் முன்னால் மணியோசை, பின்னால் பூ விற்பவர்களின் குரல், பக்கவாட்டில் ஊதுபத்தி வாங்குவோரின் பேச்சு. திரும்பிப் பார்க்காமலே யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். படத்தில் பக்கவாட்டு ஸ்பீக்கர்களின் வேலை இதுதான். நாம் அவற்றைக் கவனிக்கவே கூடாது. அந்த இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வை மட்டும் தர வேண்டும். அதனால்தான் அவற்றைக் கடைசியாக வாங்கினாலும் போதும், சிறியவையாக வாங்கினாலும் போதும்.

பழசாகும் பெட்டி

ஆல்பர்ட் ஸ்திரீட்டைத் தாண்டினால் சிம் லிம் ஸ்குவேர். கணினி, கேமரா, கண்காணிப்புக் கருவி, கம்பி என ஆறு மாடிக்கும் மின்படிக்கட்டில் ஏறி இறங்கினாலே ஒரு பிற்பகல் போய்விடும். இங்கு வந்தால் முதலில் ஒரு சுற்று சுற்றி விலை மட்டும் கேட்க வேண்டும். இரண்டாவது சுற்றில்தான் பணப்பையைத் தொட வேண்டும்.

ஸ்பீக்கர்களுக்கு உயிர் கொடுக்கும் ரிசீவரைப் பற்றி இங்கே ஒரு கடைக்காரர் விளக்கினார். ஸ்பீக்கர் மெதுவாகப் பழசாகும், ரிசீவர் வேகமாகப் பழசாகும். அதன் ஒலிபெருக்கும் பகுதி கெட்டுப்போவதால் அல்ல. புதிய படத்தரம், புதிய இணைப்பு என்று ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால். விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் புதியதைத் தேடி ஓடுவார்கள். அவர்கள் கழற்றிப் போடுவது நமக்குப் போதும். படத்தை நேரே தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டு, ஒலியை மட்டும் ஏஆர்சி என்று குறித்த எச்டிஎம்ஐ துளை வழியாக ரிசீவருக்கு அனுப்பலாம். 2009ல் வந்த வசதி அது. அதற்குப் பின் வந்த பெரும்பாலான ரிசீவர்களில் இருக்கிறது.

அப்படி ஒரு பழைய ரிசீவரை 260 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்குமுன் மூன்றைச் சோதித்தேன். எல்லாத் துளைகளிலும் ஒலி வருகிறதா, ரிமோட் இருக்கிறதா, அறையை அளக்கும் சின்ன மைக் இருக்கிறதா. பழைய ரிசீவர்களில் அந்த மைக்தான் அடிக்கடி காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டாலும் அளவுநாடா போதும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிவினாடி ஆகும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் நம் இருக்கையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து பதிந்துவிட்டால், எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதை அடையும்படி ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு சவுண்ட்பார் வாங்கினால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். அவசரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான சவுண்ட்பார்களில் ஏதாவது ஒன்று கெட்டால் முழுவதையும் மாற்ற வேண்டும். தனித்தனியாகச் சேர்ப்பதில், கெட்டதை மட்டும் மாற்றலாம். மாதம் 50 வெள்ளிக்காரனுக்கு ஏற்ற வழி அதுதான்.

மீட்டர் கணக்கில் கம்பி

சாலையைக் கடந்தால் ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். ஸ்குவேரின் பளபளப்பு இங்கே கிடையாது. கீழ்த்தளக் கடைகளில் திருகாணி, சுவிட்ச், மின்தடை, காந்தம், மேடை ஒலிபெருக்கி என்று பெட்டி பெட்டியாகக் கிடக்கும். சாலிடரிங் புகை மணம் மூக்கில் ஏறும். பாலிடெக்னிக் மாணவர்களும், கோயில் விழாவுக்கு மைக் தேடி வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

ஸ்பீக்கர் கம்பி வாங்க வந்தேன். ஒரு ஜோடி கம்பிக்கு நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் இடங்களும் உண்டு. இங்கே மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பி ஆறு மீட்டர் போய்த் திரும்பினால் மின்தடை ஏறத்தாழ 0.15 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் விற்பனையில் உண்டு. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கம்பி, வாழைப்பழ முனை எனப்படும் செருகிகள், சுவரோரம் கம்பியை மறைக்கும் பிளாஸ்டிக் தட்டை எல்லாமாக 45 வெள்ளி.

இதே வட்டாரத்தில்தான் சுங்கை சாலைத் திருட்டுச் சந்தையும் இருந்தது. தார்ப்பாய் விரித்து, ஜோடி பிரிந்த ஸ்பீக்கர்களையும் கைப்பிடி போன ரேடியோக்களையும் வைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி அது மூடப்பட்டது. இப்போது பழைய பொருள் வியாபாரம் பெரும்பாலும் கைப்பேசியில், சிங்கப்பூரிலேயே 2012ல் பிறந்த கரோசெல் போன்ற செயலிகளில் நடக்கிறது. என் நடு ஸ்பீக்கர் அப்படித்தான் கிடைத்தது. முன் ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருந்தால்தான் குரலின் நிறம் மாறாது என்பதால், ஐந்து மாதம் காத்திருந்தேன். ஈசூனில் ஒரு புளோக்கின் கீழே, சின்ன வீட்டுக்கு மாறப்போகும் தம்பதியர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 130 வெள்ளி.

அதைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்து, முன்பக்கம் சற்று உயரும்படி ரப்பர் துண்டுகள் கொடுத்து, அம்மா உட்காரும் நாற்காலியின் தலைமட்டத்தை நோக்கித் திருப்பினேன். ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் ஒலியை மட்டும் மூன்று டெசிபெல் கூட்டினேன். அன்று இரவு அம்மா ஒரு புதுப் படத்தை முழுவதும் பார்த்தார். கேள்வி எதுவும் வரவில்லை. இடைவேளை நேரத்தில், “ஏன்டா, சத்தத்தக் கொஞ்சம் குறையேன்” என்றார்.

எதிர்பாராத இன்னொரு நன்மையும் கிடைத்தது. அம்மாவுக்குப் பிடித்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒற்றைத் தட ஒலியில் பதிவானவை. இடத்திலும் வலத்திலும் ஒரே ஒலி இருந்தால், டால்பி சரவுண்ட் முறையில் வைத்த ரிசீவர் அதை நடு ஸ்பீக்கருக்கு நகர்த்திவிடும். அறுபது ஆண்டுக்கு முந்தைய வசனம் திரைக்கு நேர் கீழிருந்து தெளிவாக வருகிறது.

கீழ் வீட்டுக் கூரை

அடுத்தது சப்வூஃபர். இங்கேதான் வீவக வீட்டில் வசிப்பவர் யோசிக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸ் அதிர்வின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். என் வரவேற்பறையே அவ்வளவு நீளமில்லை. கீச்சுக் குரலைச் சுவர் தடுக்கும். இந்த அதிர்வைத் தடுக்காது. தரை வழியாக இறங்கும். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

சப்வூஃபரை வாங்குவதற்கு முன்பே கீழே போய்க் கதவைத் தட்டினேன். மலாய்க் குடும்பம். குழந்தை எப்போது தூங்கும் என்று கேட்டேன். எட்டரை என்றார் தாய். அதன்பின் பெரிய பெட்டியை விட்டுவிட்டு, எட்டு அங்குலக் கூம்புள்ள சிறிய ஒன்றை 240 வெள்ளிக்கு வாங்கினேன். அடியில் தடித்த ரப்பர் மெத்தை. எட்டரை மணிக்கு மேல் அதன் சுவிட்ச் அணைந்துவிடும். முதல் நாள் கீழ் வீட்டுக்காரர் தம் வீட்டில் நின்றபடி கைப்பேசியில் பேச, நான் மேலே ஒலியைக் கூட்டிக் குறைத்து, அவருக்குக் கேட்காத அளவைக் குறித்துக்கொண்டேன்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. அதை நாம் உட்காரும் இருக்கையில் வைத்து ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து போக வேண்டும். எந்த மூலையில் அடித்தொனி சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கலாம். நான் நாலுகாலில் போவதைப் பார்த்த அம்மா, “என்னடா தொலைச்ச?” என்று கேட்டு, தாமும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை எல்லாம் சப்வூஃபருக்குக் கொடுத்துவிடும்படி ரிசீவரில் வைத்தால், சின்ன ஸ்பீக்கர்களின் சுமை குறைந்து வசனம் இன்னும் துலங்கும்.

கடைசியாக 110 வெள்ளிக்கு இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். எங்கள் சோஃபா சுவரை ஒட்டியே கிடப்பதால் பின்னால் வைக்க இடமில்லை. இருபக்கமும், காதுக்குச் சற்றுப் பின்னே, தலைக்கு மேலே சுவரில் மாட்டினேன். இத்துடன் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். 5.1 என்பதன் பொருள் அவ்வளவுதான். கூரையிலும் ஸ்பீக்கர் கேட்கும் அட்மோஸ் இருக்கிறது. கான்கிரீட் கூரையைத் துளைக்க எனக்கு மனமில்லை.

கணக்கு

முன் ஜோடி 340, ரிசீவர் 260, கம்பியும் சாமான்களும் 45, நடு ஸ்பீக்கர் 130, சப்வூஃபர் 240, பக்க ஸ்பீக்கர்கள் 110. மொத்தம் 1,125 வெள்ளி. இருபத்து மூன்று மாதச் சேமிப்பில் 25 வெள்ளி மிச்சம். வசனம் மட்டுமே உங்கள் கவலை என்றால் முதல் நான்கோடு, 775 வெள்ளியில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வாங்கியவை படத்தின் இன்பத்துக்காக.

இந்தப் பாதையில் நடக்க விரும்புவோர் சனிக்கிழமை பிற்பகலைத் தேர்ந்தெடுக்கலாம். அடெல்ஃபியில் தொடங்குங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டையும், வசனம் நிறைந்த ஒரு காட்சியையும் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள். வசனம் புரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அவர்தானே. வழியில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் நிழல் உண்டு, உட்கார இடமும் உண்டு. பசித்தால் ஆல்பர்ட் சென்டர் உணவங்காடி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. சிம் லிம் டவரில் கம்பி வெட்டித் தருபவரிடம், வீட்டில் அளந்ததைவிட ஒரு மீட்டர் கூடுதலாகக் கேளுங்கள். சோஃபா எப்போது இடம் மாறும் என்று யாருக்குத் தெரியும்.